எலுனெட் விட்டுவைத்த சொல்

எலுனெட் ப்ராஸர் பத்தொன்பது வருடங்களாக எங்கள் கார்டிஃப் அலுவலகத்தில் இருந்தாள். லண்டன் அரசுக்கும் வேல்ஸ் அரசுக்கும் நடுவில் நின்று பேசுகிற அமைச்சரின் அலுவலகம். அவருடைய கடிதங்களுக்கு வேல்ஸின் மொழியான வெல்ஷில் வடிவம் எழுதுவது அவள்தான். ஆனால் இரு அரசுகளும் சந்திக்கும் கூட்டங்களில் அமைச்சருக்குப் பின்னால் உட்காரும் நாற்காலி அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

அது டாம்சின் ஆல்ட்ரிஜுக்குப் போனது. லண்டனிலிருந்து வந்தவள், இருபத்தொன்பது வயது, வெல்ஷ் படிக்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான்.

"படிச்சுக் கத்துக்கிட்டவளுக்கு இவ்ளோ மரியாதை. எனக்குப் பிறந்ததிலிருந்து இந்த பாஷைதான், என்ன பிரயோஜனம்?" என்று என்னிடம் பொருமுவாள். டாம்சின் சிரித்தால்கூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மசோதாவுக்கு வேல்ஸ் அரசின் சம்மதம் வேண்டியிருந்தது. டாம்சின் தானே அதைப் பற்றிய கடிதத்தை வெல்ஷில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?"

'சம்மதம்' வரவேண்டிய இடத்தில் 'ஆலோசனை' என்று இருந்தது. உங்களைக் கேட்போம், முடிவு எங்களுடையது என்று பொருள் மாறிவிடும். எலுனெட்டுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. அனுப்பு."

மூன்றாம் நாள் வேல்ஸ் அரசு அந்தச் சொல்லைக் காட்டிக் கூட்டத்துக்கு வர மறுத்தது. எங்கள் அமைச்சர் லண்டனிலிருந்து ரயிலேறி வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"அவசரத்துல எழுதிட்டேன் சார். தப்பு என்னோடது," என்றாள் டாம்சின்.

தேநீர் அறையில் எலுனெட் அவளை மறித்தாள். "எங்கிட்ட காட்டினதை ஏன் சொல்லல?"

"உங்க கண்ணுக்கு ஒரு எழுத்து தப்பாது. சொல்லியிருந்தா நீங்க வேணும்னே விட்டீங்கன்னு தெரிஞ்சுபோயிருக்கும்."

"வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும்," என்றாள் டாம்சின்.

எலுனெட் நேராக அமைச்சர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. டாம்சின் அதற்குள் லண்டனுக்கே மாற்றல் கேட்டுப் போயிருந்தாள்.

அடுத்த மாதம் கூட்டம் நடந்தது. வெல்ஷ் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் நாற்காலி எலுனெட்டுக்கு வந்தது. எதிரே வேல்ஸ் அரசின் அமைச்சர் உட்கார்ந்ததும், "அந்தப் பொண்ணு எங்க? கைப்பட வெல்ஷ்ல மன்னிப்புக் கடுதாசி எழுதியிருந்தா. ஏகப்பட்ட பிழை! ஆனா அதப் படிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றார்.

எலுனெட் திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"பத்தொன்பது வருஷமா பிழையே இல்லாம எழுதறேன். என் கடுதாசியப் படிச்சுட்டு ஒருத்தராவது கிளம்பி வந்திருப்பாங்களா, சொல்லு!"