கும்பிட ஒரு கை போதும் என்றவர்

எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வட்டவளையிலிருந்து வந்த லொறி, ஹட்டனில் என் பள்ளிக்கூட வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "டீச்சர், அப்பா தவறிட்டாங்க. பெட்டிய எறக்கிட்டு இப்பவே திரும்புறேன், வந்துருங்க" என்றார். கரும்பலகையில் பாதி எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். என் அப்பாவை, கடைசி லயத்து ஒத்தைக்கை சுப்பையாவை, அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்தவரைப் பற்றி நல்லது மட்டுமே கேட்க விரும்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுதந்திரம் வந்த மறு வருடம், மாசி மாதம். தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அப்பாதான் மதன் வேஷம். வேஷம் கட்டுகிறவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, கூத்து முடியும்வரை வீட்டோடு கவிச்சி தொடாமல் விரதம் இருப்பார்கள். காப்புக் கட்டிய அந்த வலது கையைத்தான் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எங்கள் லயத்து வீட்டுக்கே வந்தார். "விரதத்துல ஏதோ பிசகியிருக்கு. இது சாமி குத்தம். மெஷின் மேல பழி போடாதீங்க" என்றார். அம்மா இடிந்துபோனாள். பக்கத்து வீட்டில் கொடுத்த கருவாட்டுக் குழம்பை அந்த வாரம் வாங்கி எனக்கு ஊட்டியிருந்தாள். அதுதான் குத்தம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கருவாட்டைத் தொட்டதில்லை. மாரியம்மன் திருவிழாவில் வருடம் தவறாமல் தீ மிதித்தாள். அப்பா ஒரு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலைக்கு ஆகாத ஆளுக்குத் தோட்டத்து லயத்தில் குடியிருக்க அறை கிடையாது. டீமேக்கர் ஐயா தோட்டத்துத் துரையிடம் பேசி, தவறணை நாற்றங்காலில் தேயிலைக் கன்றுகளுக்குக் காவல் இருக்கும் வேலையை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார். அதனால் அவர் எங்களுக்குக் குலசாமிக்கு அடுத்தபடி. தைப்பொங்கலன்று முதல் கரண்டிப் பொங்கல் அவர் பங்களாவுக்குப் போன பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். அப்பா இடது கையை நெஞ்சில் வைத்து அவருக்கு வணக்கம் சொல்வார். "கும்புட ஒரு கை போதும் புள்ள. அவரு இல்லேன்னா நாம ரோட்டுலதான் நிப்போம்" என்பார். நானும் நம்பினேன். என்னுடைய இரண்டு கைகளையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

அம்மா விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவாள் என்பதால் எனக்குத் தலை பின்னிவிடுவது அப்பாவின் வேலை. ஒரு கற்றையை நான் பிடித்துக்கொள்வேன். மற்ற இரண்டையும் அவர் ஒற்றைக் கையால் மாற்றி மாற்றிப் போடுவார். "விட்டுறாத, விட்டுறாத" என்று அவர் பதறுவதும், நான் வேண்டுமென்றே விடுவதும் தினசரிக் கூத்து. கோணல் சடையோடுதான் நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது சிரித்தால் சண்டைக்குப் போவேன்.

போன வருடம் பூண்டுலோயாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அவருக்கும்தான். மாப்பிள்ளையின் தாயார் அப்பாவின் மடித்துவிட்ட சட்டைக் கையைப் பார்த்து, "காமன் கூத்துல போன கைன்னு சொன்னாங்க. சாமி குத்தம் உள்ள வீட்டுல எப்படிங்க?" என்று எழுந்துவிட்டார். அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், என்ன சொல்வார் என்று அன்று அவருக்காக அழுதேன்.

அடக்கத்துக்கு டீமேக்கர் ஐயா வந்திருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. "சுப்பையா மாதிரி நன்றியுள்ள ஆளப் பார்க்க முடியாது" என்று சொல்லிக் குழியில் மண் போட்டார். அவர் போன பிறகு மாரிமுத்து மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். அப்பாவோடு அதே ரோலரில் வேலை செய்தவர் அவர்.

"மெஷின் வாய்ல இருந்த இரும்புத் தடுப்ப அன்னிக்கு ரிப்பேருக்குக் கழட்டி வச்சிருந்தாங்க. மாட்டிட்டு ஓட்டுவோங்கன்னு ஒங்கப்பன் கேட்டான். 'கொழுந்து கெட்டுப்போயிரும், ஓட்டு. கையிலதான் காப்பு இருக்கே, சாமி பாத்துக்கும்'னு டீமேக்கர் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஏன் மாமா இத்தனை வருசமா சொல்லல?"

"ஒங்கப்பன் சத்தியம் வாங்கிட்டான் புள்ள. வாயத் தொறந்தா அறை போயிரும்னான். அவனே போயிட்டான், இனி என்ன?"

டீமேக்கர் ஏமாற்றியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் எங்களுக்கு யார்? ஆனால் காப்பு இருக்கிறது, சாமி பார்த்துக்கொள்ளும் என்றதையும், பிறகு சாமி குத்தம் என்றதையும் ஒரே வாயிலிருந்து கேட்டவர் அப்பா. தெரிந்துகொண்டே அம்மாவைத் தீயில் நடக்கவிட்டார். பூண்டுலோயாக்காரர்கள் எழுந்து போனபோதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும் என்றுதான் செய்தார், தெரியும். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே! நாங்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்போம்?

கருமாதி முடிந்ததும் அம்மாவை ஹட்டனுக்கு அழைத்து வந்துவிட்டேன். அந்த அறைக்காக இனி யாரும் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பூண்டுலோயாவில் இருப்பவர்களும் படிக்கட்டும். அப்பாவிடமிருந்து அந்தக் கோணல் சடையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய நன்றியை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மாரிமுத்து மாமா சொன்னதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அப்பாவைத் திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப... அந்தக் கருவாடு இல்லையா புள்ள?"