எனக்கு மேலே ஏலம் கேட்டவர்

மாசி என்கிற புறநகரில் தனியாக இருக்கிறேன். அந்தக் காலத்து அரசாங்கக் கடன்பத்திரங்களும், படைவீரர்களுக்கு நிலம் வழங்கிய பத்திரங்களும் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. இணைய ஏலத்தில் ஒருவர் மட்டும் எப்போதும் எனக்கு மேலே கேட்பார். பெயர் தெரியாது. நிறையத் திட்டியிருக்கிறேன்.

சில மாதங்களாக அவரைக் காணவில்லை. போன வாரம் ஒரு நிலப் பத்திரம் போட்டியே இல்லாமல் எனக்குக் கிடைத்தது.

இன்று அதை நேரில் வாங்கிக்கொள்ள, மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் விற்றவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா, என் பெயரைச் சொன்னதும், "தமிழோ?" என்றார்.

"ஆமாங்க."

"இது என்ரை மனுசன் சேர்த்தது. அவர் தை மாசம் தவறிட்டார். ஏலத்தில ஒருத்தர் என்னோட போட்டி போட்டு விடாமல் கேக்கிறார், ஆரெண்டு தெரிஞ்சால் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதைக்கலாம் எண்டு சொல்லுவார்."

"அது நான்தாங்க."

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

இனி யார் எனக்கு மேலே கேட்டாலும் முதலில் பெயரைத்தான் விசாரிப்பேன். இதைப் படிப்பவர்களில் இந்தப் பத்திரங்களுக்கு ஏலம் கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?