கேட்டுக்குக் கீழே நிறுத்திய ஆட்டோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கம்பளையிலிருந்து புறப்பட்டோம். புறப்பட்டோம் என்று எழுதச் சுகமாக இருக்கிறது. ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் சண்டை பிடித்தோம் என்பதுதான் உண்மை. என் கணவர் கம்பளை ஸ்டேசனடியில் ஆட்டோ ஓட்டுகிறவர். பன்னிரண்டு வயது மகள் கிருத்திகா அந்த ஆட்டோவில் வர மாட்டேன் என்று நின்றாள்.

"பஸ்ஸுல போவோம்மா. அந்த மாதிரி எடத்துக்கு யாரும் ஆட்டோவுல வரமாட்டாங்க."

"ரெண்டு பஸ் மாறி நின்னுக்கிட்டே போக என்னால ஏலாது," என்றேன்.

நான் கண்டியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறவள். வாரத்தில் ஆறு நாள் நிற்பதுதான் என் உத்தியோகம். ஏழாவது நாளும் நின்றுகொண்டே போய் ஆனந்தப்பட எனக்குக் கால் கிடையாது. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ஆட்டோவிலேயே போவது, ஆனால் அந்த இடத்துக் கேட்டுக்குக் கீழே வளைவில் நிறுத்திவிட்டு மிச்சத்தை நடப்பது. என் கணவர் ஏற்கெனவே துடைத்த சீட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

பயணம் எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிருத்திகா புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி, கண்டியில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். லீவு முடிந்து போகும் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று எங்கே போனோம் என்று சொல்ல வேண்டும். போன தவணை தொடங்கியபோது ஒருத்தி சிங்கப்பூர், ஒருத்தி துபாய், நாலைந்து பேர் கொழும்புப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்கா. என் மகள் "வீட்டுல இருந்தேன்" என்றாளாம். டீச்சர் "அடுத்தது" என்றாராம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அப்பா என்ன வேலை, வீடு எப்படி என்றெல்லாம் அந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லை. லீவுக்கு எங்கே போனாய் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. இந்தத் தவணை மறுநாள் தொடங்க இருந்தது, அதற்காகத்தான் கண்டிக்கு அப்பால் ஒரு மலையில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்கு இந்தப் பயணம்.

ஏழரைக்குப் பேராதனை. பூந்தோட்டத்து வாசலில் வேகத்தைக் குறைத்து, "இதுக்குள்ள போயிருந்தா பாயைப் போட்டுப் படுத்திருக்கலாம்," என்றார் என் கணவர்.

"இது ஸ்கூல் ட்ரிப்புல வர்ற எடம்ப்பா. இது கணக்கில்ல."

எனக்குப் பாய் என்ற சொல் காதில் விழுந்ததுமே கண் சொருகியது. கண்டி வாவியைச் சுற்றி அம்பிட்டிய வீதியில் ஏறும்போது ஆட்டோ முனகத் தொடங்கியது. அம்பிட்டியவைத் தாண்டித் தலாத்துஓயா போகிற பாதையில் கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் ஒரு கிளைப் பாதை. கம்பளையிலிருந்து முப்பது கிலோமீற்றர்தான் இருக்கும், இடுப்பு அதை நூறு என்றது. சொன்னபடி வளைவில் ஒரு சில்லறைக் கடையடியில் நிறுத்திவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் நடந்தோம். எங்களைக் கடந்து வேன்களும் ஜீப்புகளும் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஓரம் ஒதுங்கி நின்றோம்.

வாசலில் கையில் பட்டி கட்டுகிறார்கள். உள்ளே போக மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், பச்சைப் பட்டி. எல்லாச் சறுக்கும் ஏறி விளையாட நாலாயிரத்து ஐந்நூறு, ஆரஞ்சுப் பட்டி. கிருத்திகாவுக்கு ஆரஞ்சு, எங்கள் இருவருக்கும் பச்சை. குடும்பம் முழுக்க ஆரஞ்சு கட்டியவர்களுக்கு நிழலில் சாய்கதிரை கிடைக்கிறது. பச்சைக்குச் சீமெந்து வாங்கு, முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. தூரத்திலிருந்தே மணிக்கட்டைப் பார்த்து யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இடம் அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்த மலை. சரிவில் நீல நிறக் குழாய்ச் சறுக்குகள் வளைந்து வளைந்து குளத்தில் விழுகின்றன. நடுவில் நாலைந்து நிரை தேயிலையைப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். நீளக் கூரை, வரிசையாகச் சின்னக் கதவுகள், கதவுக்குக் கதவு இலக்கம், சுவருக்கு ரோசாப்பூ நிறம். உள்ளே தகரக் கோப்பையில் பிளேன்டீ, நானூற்று ஐம்பது ரூபாய். நானும் என் கணவரும் புசல்லாவைப் பக்கம் ஒரே தோட்டத்தில், அப்படிப்பட்ட லயத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கிருத்திகா சொல்லி வைத்திருப்பதோ "கம்பளை டவுன்" என்று மட்டும்.

"நாம இதுக்குள்ளருந்து வெளிய வர இருபது வருசம் புடிச்சிச்சி," என்றார் என் கணவர். "இவங்க காசு குடுத்து உள்ள போறாங்க."

"பேசாம குடிங்க. ஆறிருச்சின்னா அந்தக் காசும் வீணு."

பன்னிரண்டு மணி போல அவர் வாங்கிலேயே தூங்கிப்போனார். கிருத்திகா பத்தாவது தடவையோ என்னவோ சறுக்குக்கு ஏறிப் போயிருந்தாள். அவள் தலை துவட்டும் துவாயையும் பைகளையும் தூக்கிக்கொண்டு நிழல் தேடிப்போய் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றேன். அங்கேதான் படமெடுக்கும் இடம். 'ஒரு நாள் கொழுந்து பறித்துப் பாருங்கள்' என்று பலகை. ஆணியில் கூடைகள், சிவப்புச் சேலைத் துண்டுகள், இடுப்பில் கட்டும் சாக்கு. கட்டிவிடுகிற பெண் சாப்பிடப் போயிருந்தாள் போலிருக்கிறது.

"அக்கா, இவவுக்கும் இதைக் கட்டி விடுங்கோவன்."

திரும்பினேன். குளிர்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கும் வகுப்புப் படத்தில் முன் வரிசையில் இருக்கிறாள். பெயர் ஆரணி, தகப்பன் டொக்டர். சிங்கப்பூர் போனவள் இவள்தான்.

நான் இங்கே வேலை செய்கிறவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிருத்திகா தெரிந்தாள். சொட்டச் சொட்ட வந்தவள் அப்படியே நின்றாள், ஆரணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்த மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நாளைக்குக் காலை அந்த வகுப்பில் நிற்கப்போவது நான் இல்லையே. கூடையை எடுத்தேன்.

ஆரணி அதைப் புத்தகப்பை மாதிரித் தோளில் மாட்டப் பார்த்தாள்.

"அங்க இல்ல பாப்பா, கயிறு தலையில வரணும்."

"தலை நோகுது," என்றாள். கயிற்றுக்கு அடியில் வைக்கத் துணி தேடினேன். கையில் இருந்தது கிருத்திகாவின் துவாய். மடித்து வைத்தேன். கை தானாக எல்லாவற்றையும் செய்தது. தாய்க்காரி படம் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். "நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ அக்கா, பொருத்தமா இருக்கும்," என்றார். நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம்தானே.

மேகம் இறங்கிவிட்டால் அந்த மலையில் மத்தியானமும் குளிரும். மரத்துக்குப் பின்னால் பிள்ளை நடுங்குவது தெரிந்தது. துவாயைத் திருப்பிக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. அப்போது அவளே வந்தாள்.

"அம்மா, துவாய்."

அந்தச் சொல்லால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் வயதுப் பெண்ணை எந்தக் கடையிலும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாளெல்லாம் என்னை அப்படிக் கூப்பிட்டுத்தான் சேலையை விரித்துக் காட்டச் சொல்கிறார்கள். தாய்க்காரி திரும்பியும் பார்க்கவில்லை. ஆரணிதான் கூடையை இறக்கிவிட்டு, "கிருத்திகா! நீயும் வந்தனியே? இவவை உனக்குத் தெரியுமோ?" என்றாள்.

நான் குனிந்து சாக்கை மடித்தேன். தெரியாது என்று சொல்லிவிடட்டும் என்றுதான், சத்தியமாக, நினைத்தேன்.

"எங்க அம்மா," என்றாள் கிருத்திகா.

தாய்க்காரி கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ, குறை நினைக்காதேங்கோ. நான் இங்க வேலை செய்யிறவ எண்டு..."

"பரவாயில்லீங்க. கட்டுனது நல்லாத்தான் கட்டியிருக்கேன், அவுந்திருக்காது."

"எப்பிடி அன்ரி உங்களுக்கு இது தெரியும்?" என்றாள் ஆரணி. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பிள்ளை.

குளிரில் பல் கிட்டிக்கொண்டே கிருத்திகாதான் சொன்னாள்: "அம்மா தோட்டத்துல பொறந்தவங்க. அப்பாவுந்தான்."

"ஓ," என்றாள் ஆரணி. அந்த ஓவுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கிருத்திகா சறுக்குக்குப் போகவில்லை. காசு கட்டிய ஆரஞ்சுப் பட்டியோடு எங்கள் சீமெந்து வாங்கில் வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள். நடந்ததைக் கேட்டு என் கணவர் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துவட்டினார்.

நாலு மணிக்கு வெளியே வந்தோம். வாசலில் ஒரே வாகன நெரிசல். கொஞ்சம் தள்ளி ஆரணி வீட்டுக்காரர்கள் தங்கள் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பைகளைத் தூக்கி இறக்கத்தில் நடக்கத் தொடங்கினேன். கிருத்திகா வரவில்லை.

"அம்மாவுக்குக் கால் வலிக்குது," என்றாள் அப்பாவிடம். "நீங்க போயி ஆட்டோவ மேல கொண்டாங்க."

"இங்கயா?"

"ஆமாப்பா. கேட்டுக்கே."

அவர் கிட்டத்தட்ட ஓடினார். நாங்கள் இருவரும் நின்றோம்.

"நாளைக்கு என்னாடி சொல்லப் போற?" என்றேன்.

"நான் என்னா சொல்றது? எனக்கு முன்னுக்கே ஆரணி சொல்லிருவா." குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. என்னுடைய அலுப்பு அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் முன்பே முனகல் கேட்டது. வேன்களுக்கு நடுவே எங்கள் ஆட்டோ ஏறி வந்தது. காவலாளி விசில் ஊதி, த்ரீவீல் எல்லாம் கீழே என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். ஜீப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருத்திகா ஆரஞ்சுப் பட்டி கட்டிய கையை உயர்த்திக்கொண்டு பாதையின் நடுவே போய் நின்றாள்.

"ஏக்க அபே," என்றாள் காவலாளியிடம். பிறகு ஆரணி நின்ற பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்: "அது எங்க ஆட்டோ."

காவலாளி விலகினார். நான் ஏறி உட்கார்ந்தேன்.