திருப்பிப் போட்ட சட்டை

சிஞ்ச்வட் லோக்கல் ரயிலில் எதிரே இருந்தவர், மடியிலிருந்த மகளின் முழங்கை மடிப்பில் கிரீம் தடவி, "சொறியாதடா செல்லம்" என்றார். அவர் சட்டையின் தையலெல்லாம் வெளியே தெரிந்தது, பாக்கெட்டைக் காணோம்.

"சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றேன் மெதுவாக.

"தெரியும் சார். இவளுக்கு எக்ஸிமா. தையல் உரசினா சிவந்துடுது, அதனால கவுனைத் திருப்பித்தான் போடுறோம். அப்பா மட்டும் நேரா போட்டா ஒரே அழுகை."

குழந்தையின் கவுனை அப்போதுதான் கவனித்தேன்.

மறுவாரம் தனியாக வந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை, சட்டை அப்போதும் அப்படியே. மறந்துவிட்டாரா, பழகிவிட்டதா, தெரியவில்லை. கசார்வாடியில் ஏறிய ஒருவர் அவரிடம், "பாய் சாப், ஷர்ட் உல்ட்டா ஹை" என்றார்.

அவருக்குத் தெரியும் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.