அலமாரிக் கதவில் நாற்பத்திரண்டு துளைகள்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: பாய், பட்டறை அவருடையது. சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். என் தங்கையின் புருஷன். அப்புறம் நான்.

ஐந்தாவதாக ஓர் அலமாரிக் கதவு.

ஊரை விட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் விற்றுப்போட்ட அலமாரி. கதவை மட்டும் கழற்றி ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தார் சொல்தா. அதில் தனக்கு ஒரு கிட்டார் வேண்டும் என்றார். என்ன மரம் என்று பாய்க்கே தெரியவில்லை. தேன் நிறம். குறுக்கே அலை அலையாக வரி. சாய்த்தால் அலை நகரும். நாங்கள் அதுவரை செய்தது ஆர்மோனியப் பெட்டிகளும் ஏழெட்டு கிட்டாரும். எல்லாம் தேக்கு, இல்லாவிட்டால் ஈட்டி மரம்.

பாய் கதவை மெல்லிசாக இரண்டு துண்டாக அறுத்து, இரண்டையும் புத்தகம் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கம் ஒட்டி இழைத்தார். பிறகு வாசலில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அது பட்டறை வழக்கம். வண்டு துளைத்திருந்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தரையில் விழும். எண்ணிக்கொள்வோம்.

இடது பாதியில் இருபத்து மூன்று. வலது பாதியில் பத்தொன்பது.

"இது கிட்டாரா, சல்லடையா பாய்?" என்றார் சொல்தா.

"வாசிக்க வரலன்னா மாவு சலிச்சிக்குங்க முசே," என்றார் பாய். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

துளை அடைப்பது என் வேலை. ஆறு வருஷமாக நான்தான். பட்டறைக்கு ஒரே ஜன்னல். அதன் ஓரத்தில் உட்காருகிறவன்தான் கிட்டாரின் முகப்புப் பலகையைத் தொடலாம். அந்த இடமும் என்னுடையது.

என் தங்கை புருஷன் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு நொத்தேர் வீட்டில் இருந்தான். எழுதி முடித்த பத்திரங்களுக்கு அரக்கை உருக்கி முத்திரை வைக்கிற வேலை. நொத்தேர் பிரான்சுக்குப் போய்விட்டார். தங்கை என் வீட்டில் வந்து அழுதாள். நான்தான் பாயிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. நானே தினம் சொல்லிக்கொண்டேன்.

முன்பெல்லாம் தங்கை வந்தால் என் வேலையைப் பற்றிக் கேட்பாள். இப்போது அவன் கையைப் பற்றிப் பேசினாள். பாயும் அவனோடு சிரித்துப் பேசினார். என்னோடு அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் சிரிக்கிற ஆளில்லை.

பாய் பலகையைக் கீழே வைத்தார். "எடது ஒனக்கு. வலது மாப்ளைக்கு. எவன் பக்கம் சுத்தமா வருதோ அவன் ஜன்னல்ல ஒக்காரட்டும்."

நான் பசைச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

என் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே மரத்தின் தூளை வச்சிரப் பசையில் குழைத்து, துளையில் அழுத்தி, காய்ந்ததும் தேய்த்துவிடுவேன். தேக்கில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அவன் அரக்கை எடுத்தான்.

"மச்சான், இந்த மரத்துக்கு வச்சிரம் வேணாம். எனக்கென்னவோ சரிப்படாதுன்னு தோணுது."

"நீ கிட்டாரு செய்ய வந்தியா, பத்திரத்துக்கு முத்திர போட வந்தியா?"

சிரித்தான். "ரெண்டும் ஒட்ற வேலதான மச்சான்."

ஐந்து அரக்குக் குச்சி வைத்திருந்தான். வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு வரை. அலையின் வெளுத்த இடத்தில் துளை இருந்தால் வெளிர் குச்சி. கறுத்த இடத்தில் கறுத்த குச்சி. கம்பியைச் சூடு காட்டி, ஒரு சொட்டு. ஓரத்தில் சிந்தவில்லை. நான் என் பாதியை இன்னொரு தரம் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் முடிந்தது. என் பாதியில் ஒன்றும் தெரியவில்லை. அவன் பாதியில் அரக்கு மீன் கண் மாதிரி மினுங்கியது. நான் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போனார். அவன் கிணற்றடிக்குக் கை கழுவப் போனான். நான் குத்தூசியை எடுத்தேன். ஓசைக்காக வெட்டிய நடு வட்டத்துக்குப் பக்கத்தில், அவன் அடைத்திருந்த ஒரு துளையைத் தோண்டினேன். அரக்கு கெட்டியாகப் பிடித்திருந்தது. தோண்டியதில் துளையின் வாய் கொஞ்சம் அகன்றுவிட்டது. ஊதிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பிற்பகல் சொல்தா வந்தார். அவர் முன்னாலேயே பாய் துணியில் பாலிஷ் நனைத்துத் தேய்த்தார்.

முதலில் என் பக்கம். நான் அடைத்த துளைகள் பாலிஷைக் குடித்து ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வந்தன. தேக்கில் அந்தக் கறுப்பு மரத்தோடு போய்விடும். இந்த மரம் காட்டிக் கொடுத்தது. பலகையைச் சாய்த்தால் அலை நகர்ந்தது. புள்ளிகள் அங்கேயே நின்றன.

"இந்தப் பக்கம் அம்ம போட்டிருக்கே பாய்," என்றார் சொல்தா.

பிறகு அவன் பக்கம். அலை மட்டும்தான். பாலிஷில் பலகை முழுக்க மினுங்கியது, அதில் அரக்கின் கண் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. நடு வட்டத்தின் பக்கத்தில் ஒரு துளை திறந்து கிடந்தது.

"இது என்னப்பா?" என்றார் பாய்.

அவன் குனிந்து பார்த்தான். அகன்ற வாயை விரலால் தடவினான். பிறகு என் குத்தூசியைப் பார்த்தான். நுனியில் அரக்கு ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.

"வுட்டுட்டேன் பாய். கவனிக்கல."

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவனை அடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

"ரெண்டு பக்கமும் நீயே பாரு மாப்ள," என்றார் பாய்.

என் இருபத்து மூன்றையும் அவன் சுரண்டி எடுத்து அரக்கு வைத்தான். தன்னுடைய ஒன்றையும் மறுபடி அடைத்தான். திங்கட்கிழமை நான் என் சாமான்களை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். இழைப்பு வேலை. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியாது. அவன் முதுகு தெரியும். ஐந்து வருஷம் அதைப் பார்த்தேன்.

ஒருநாள்கூட அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பண்டிகைக்கு வந்தால் "மச்சான், சாப்ட்டியா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் சொல்தா அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தார். தந்தி முறுக்குகிற குமிழ் ஒன்று கழன்றிருந்தது. அவன் அன்று காலாப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். பாய் என்னைப் பார்க்கச் சொன்னார். குமிழைச் சரி செய்தேன். பிறகு ஜன்னலோரம் எடுத்துப் போய் உட்கார்ந்தேன். முகப்பைத் துடைத்துச் சாய்த்தேன். அலை நகர்ந்தது.

இடது பக்கத்தில் என் இருபத்து மூன்றும் எங்கெங்கே என்று எனக்கு மனப்பாடம். அந்தந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இல்லை. நகத்தால் தடவினேன். தட்டுப்படவில்லை. வலது பக்கத்துக்கு வந்தேன். மேலிருந்து கீழே, வரி வரியாகப் பார்த்தேன். நடு வட்டத்தின் பக்கத்தில் கண் நின்றது. வாய் அகன்றது. அரக்கு வைத்தும் மறையவில்லை.

"என்னா தேடற?" என்றார் சொல்தா.

"தூசி முசே."

மறுபடி மேலிருந்து எண்ணினேன். நாற்பத்திரண்டில் கண்ணுக்குத் தெரிந்தது:

ஒன்று.