அடை வைத்த ரவுட்டர்

பழைய ரவுட்டருக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றுகிற தொழிலில், வேலை நன்றாக முடிந்தால் யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் ஊருக்கே தெரியும். கருப்பு ஸ்க்ரீனில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்வதைப் பார்த்துக் குலதெய்வத்தைக் கூப்பிட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாமக்கல்லில் ஸ்கூட்டியும் லேப்டாப்புமாகச் சுற்றுகிற என் பிழைப்பில் எத்தனையோ பெட்டிகளைப் பார்த்தாயிற்று. ஆனால் நாமகிரிப்பேட்டைப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன் கோழிப்பண்ணையில் ஒரே பகலில் நான் பட்டது தனிக்கதை.

அக்கா கொடுத்த மனு

பண்ணை கேட்டிலேயே மோர்ச் சொம்போடு நின்றார் சரசக்கா, அண்ணனின் மனைவி. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பிரச்சினையைக் கேட்டுக்கொள் என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார். போன தடவை குஞ்சு இறக்கியபோது ஒரு ராத்திரி ஷெட்டில் ஹீட்டர் நின்றுபோய், விடிவதற்குள் குஞ்சுகள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தனவாம். அன்றைக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போன அண்ணன் இன்னும் வீட்டுக்குப் படுக்க வரவில்லை.

சூடு குறைந்தால் செல்போனை அலறவைக்கிற கருவி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அதுவோ இந்த ரவுட்டரின் பழைய சாஃப்ட்வேரோடு பேசமாட்டேன் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுக் குஞ்சு வண்டி அன்று மத்தியானமே வருகிறது. அக்காவுக்கு இந்த விவரமெல்லாம் இரண்டாம்பட்சம். மோரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கருவியோ கிருவியோ எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. இன்னைக்குப் பொழுதோட அந்த மனுசன ஊட்டுக்குப் படுக்க அனுப்பிச்சு வுட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெட்டிக்குப் பொட்டு

ரவுட்டர் ஆபீஸ் அறையில் ஒரு பலகைமேல் இருந்தது. அது ரவுட்டர் என்று சொன்னால்தான் தெரியும். வாங்கிய வருஷத்திலிருந்து ஒரு ஆயுத பூஜையையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வைப்பவருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் பொட்டு. என் கேபிளைச் செருகவேண்டிய ஓட்டைக்கு மற்றதைவிடப் பெரிய பொட்டு.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி நோண்ட ஆரம்பித்தேன். மேலே போன வருஷத்துச் சந்தனம், அதற்குக் கீழே அதற்கு முந்தினது என்று அடுக்கடுக்காக வந்தது. கணக்குப் பார்க்கும் ஜாபர் பாய் தும்மிக்கொண்டே தட்டைப் பிடித்தார். மிஷினுக்குச் சந்தனம் ஆகாது என்று நான் சொன்னதில் அண்ணனுக்கு வருத்தம்.

"லாரிக்கு வெச்சா லாரி ஓடுது, மோட்டாருக்கு வெச்சா மோட்டார் ஓடுது. இது ஒண்ணுக்கு மட்டும் என்னத்துக்குங்க சேரமாட்டேங்குது?"

இமேஜ்

முதல் நாளே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன், ஒரு பென் டிரைவில் இமேஜைப் போட்டு வையுங்கள், லிங்க் அனுப்புகிறேன் என்று. ரவுட்டருக்கு ஏற்றுகிற சாஃப்ட்வேர் ஃபைலை நாம் இமேஜ் என்போம். வெளியே இருக்கிறவர்களுக்கு இமேஜ் என்றால் என்ன என்று நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

பென் டிரைவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். கை கூப்பி, வடைமாலை சாத்தி, திரை நிறைய ஆஞ்சநேயர். லிங்க் திறக்கவில்லையாம், அம்மிணி வந்து ஏமாந்து நிற்கக்கூடாதே என்று அண்ணனே தேடித் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓடினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். உண்மையான ஃபைலை என் போனில் இறக்கிக்கொண்டு திரும்பினால், அண்ணன் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதக்காட்டியும் நல்ல இமேஜு நாமக்கல் ஜில்லாவுலயே கெடைக்காதுங்க அம்மிணி."

இருக்கிற ஊடு

பெட்டி பழசு, அதற்குள் இடமும் கொஞ்சம்தான். பழைய சாஃப்ட்வேரை அழித்தால்தான் புதுசு உள்ளே போகும். செட்டிங்கை எல்லாம் லேப்டாப்பில் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் பழைய சாஃப்ட்வேருக்கு வேறு பிரதி எங்குமில்லை. அழித்த பிறகு புதுசு ஏறவில்லை என்றால் அங்கே இருப்பது வெறும் தகரம்தான். குஞ்சு வண்டி வேறு பக்கத்து ராசிபுரத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புது ஊடு கட்டறதுக்கு முன்னாலயே இருக்கற ஊட்ட இடிக்கோணுங்கறீங்க. செரி, இடிச்சுப் போட்டு, நடுவால மழ புடிச்சுக்கிட்டா யாரு ஊட்டுக்குங்க போறது?"

அடை

வேறு வழியில்லை, அழித்துவிட்டேன். புது ஃபைல் மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. இனி யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது, வயரை அசைக்கக்கூடாது, ஸ்விட்சை அணைக்கக்கூடாது. இதைக் கோழிப்பண்ணைக்காரருக்கு எப்படிச் சொன்னால் மனதில் பதியும் என்று யோசித்து, மகா புத்திசாலித்தனமாக, "கோழியை அடை வெச்ச மாதிரிங்கண்ணா, நடுவுல எழுப்பிடக்கூடாது" என்றேன். அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தால் அறை இருட்டு. ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. ரவுட்டர்மேல் கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை, கூடைமேல் மடித்த கோணிச்சாக்கு. அடைக்கோழிக்கு வெளிச்சம் ஆகாது, கதகதப்பு வேண்டும். அண்ணன் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்! ஏற்கெனவே கொதிக்கிற பெட்டி. பாய்ந்துபோய்ச் சாக்கை உருவினேன். கூடையை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் அதைப் பார்த்த பிறகு தீவனம் கேட்டு வந்தவர்கூட வாசலோடு நின்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். என் போன பிறப்புப் புண்ணியம், கரண்டும் போகவில்லை. ஜாபர் பாய் மட்டும் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, கோழின்னா இருபத்தோரு நாள். அதுவரைக்கும் ஆபீஸ் லீவா?"

குஞ்சு வண்டி

ஃபைல் ஏறியது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். மஞ்சள் விளக்கு மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி ஹாரன். பெட்டி பெட்டியாகக் கீச்சுக்கீச்சென்று சத்தம். அண்ணன் வண்டியைப் பார்க்கிறார், விளக்கைப் பார்க்கிறார், ஷெட்டில் கிடக்கிற தன் கட்டிலைப் பார்க்கிறார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. 'ஆஞ்சநேயா, உன் படத்தைப் பார்த்துச் சிரித்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே' என்று வேண்டிக்கொண்டேன்.

பச்சை! நான் கத்திய கத்தலில் ஜாபர் பாயின் பேனா கீழே விழுந்தது. செட்டிங்கை ஏற்றியதும் கருவியும் ரவுட்டரும் சம்பந்தி வீட்டார் மாதிரிப் பேச ஆரம்பித்தன. ஆனால் அண்ணனுக்குக் கண்ணால் பார்க்கவேண்டும். ரோட்டில் போன ஐஸ்காரரை நிறுத்தி ஒரு சேமியா ஐஸ் வாங்கிவந்து கருவியின் தலையில் வைத்தார். அவர் சட்டைப்பையிலிருந்து செல்போன் ஒரு பண்ணைக்கே கேட்கிற மாதிரி "கொக்கரக்கோ" என்றது. அலாரத்துக்கு அவர் வைத்திருந்த சத்தம் அது. அண்ணன் ஐஸையும் போனையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடியே விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். குஞ்சுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் மட்டும் சந்தேகத்தோடு கேட்டார்:

"ஏனுங்க, முட்டக்கோழிப் பண்ணையில சேவலுக்கு என்னுங்க வேல?"

மறுபடியும் அக்கா

பத்து நாள் கழித்துச் சரசக்கா போன் செய்தார். குஞ்சுகள் நலம். அண்ணனின் கட்டில் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. நான் பூரித்துப்போய், "அப்புறம் என்னங்கக்கா, சந்தோஷந்தானுங்களே?" என்றேன். எதிர்முனையில் பெருமூச்சு. இத்தனை நாள் பட்ட தூக்கக் கடனுக்கெல்லாம் சேர்த்து அண்ணன் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறாராம். போனில் சேவல் கூவுகிறது, அண்ணன் புரண்டுகூடப் படுப்பதில்லை. டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி ஹீட்டரைப் பார்த்துவிட்டு வருவது அக்கா.

"முந்தியெல்லாம் அவரு தூங்கல, நான் தூங்குனனுங்க. இப்ப அவரு தூங்கறாரு, நான் ஓடறனுங்க. அந்தப் பொட்டிய மறுக்காப் பழசாவே ஆக்கிக் குடுத்துருங்க அம்மிணி, கட்டல நானே சுமந்துட்டுப் போயி ஷெட்டுல போட்டுக்கறேன்!"

எந்தப் பெட்டியையும் புதுசாக்கிவிடலாம் நண்பர்களே, அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் முழித்திருப்பது என்பதைத்தான் எந்த சாஃப்ட்வேரும் தீர்த்துவைப்பதில்லை.