மாப்பிள்ளைக் கிருமியின் மாமியார்

அண்ணி டீ போட அடுப்படிக்குள் போன நேரம் பார்த்து, அவர் அந்த வீட்டு மருந்து டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துவிட்டார். தலைவலித் தைலம் ஒரு பக்கம், வாயு மாத்திரை ஒரு பக்கம். கடைசியில் மிஞ்சியவைதான் அவர் தேடி வந்த குற்றவாளிகள்: பாதி பிதுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் அட்டைகள். அவற்றைச் சீட்டுக்கட்டு போல விரித்துப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இது யாரு சாப்பிட்டது அண்ணி?"

"உங்க அண்ணன்தாம்மா. தொண்டை கட்டிக்கிச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு, மிச்சத்த எடுத்து வச்சேன். போன வாரம் மாடி வீட்டம்மாவுக்கு ஒரே சளி. பாவம்னு நாலு குடுத்தேன். நல்லா கேட்டுச்சாம்."

"சளிக்கு இது கேக்கவே கேக்காது அண்ணி. அது தானா வந்துச்சு, தானா போச்சு."

"போச்சில்ல? அப்புறம் என்ன?"

இந்த 'அப்புறம் என்ன'வுக்கு எதிராகத்தான் அவர் இத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அட்டைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணி டீயைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தார்.

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் டப்பா இன்ஸ்பெக்டர். அவர் வருகிறார் என்று தெரிந்தால் சில வீடுகளில் மருந்து டப்பா பீரோவுக்குள் போய்விடும்; நகை வெளியே கிடக்கும். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "ஏதோ ஊசி வேலை" என்பார்கள். அவரைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்து, "இந்த முழங்கை வலிக்கு உங்ககிட்ட ஊசி இருக்கா?" என்று நீட்டுகிறவர்களும் உண்டு.

அந்த ஊசி வேலை இதுதான். ஊரார் இப்படி அரையும் குறையுமாகத் தின்ற மருந்துகளுக்குப் பழகிப்போய், மருத்துவமனைகளில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு இப்போது எந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தாலும் உறைப்பதில்லை. வந்தபின் விரட்ட வழியில்லை என்பதால், வருமுன்னே உடம்பைத் தயார் செய்ய அவர் ஒரு தடுப்பூசி உருவாக்குகிறார். அந்தக் கிருமி பிசுபிசுப்பான சர்க்கரைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு திரியும். அதனால்தான் உடம்பின் காவலுக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. தடுப்பூசி அந்தக் கோட்டில் ஒரு துண்டைக் காவலுக்கு முன்கூட்டியே காட்டி வைக்கும். பிறகு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எவன் வந்தாலும் வாசலிலேயே மடக்கிவிடலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் அவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

ஆய்வகத்தில் அந்தக் கிருமிக்குப் பெயர் மாப்பிள்ளை. வைத்தவர் அவரே. "எந்த மருந்த வச்சாலும் சாப்பிட்டு முடிச்சுட்டு, அடுத்து என்னன்னு மூஞ்சியப் பாக்குது. வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?"

மாப்பிள்ளையை வேறு யார் கையிலும் அவர் விடமாட்டார். கிருமியை உறையவைத்துவிட்டு, வேண்டும்போது கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் ஒருமுறை உறைபெட்டி நின்றுபோய், பக்கத்து மேசைக்காரர் காலமெல்லாம் சேர்த்தது கஞ்சியாகக் கரைந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு அவர் கையால்தான் சாப்பாடு. பழைய வளர்ப்புத் தட்டிலிருந்து கம்பி நுனியால் தொட்டுப் புதுத் தட்டில் இழுத்துவிடுவார்; அது நிறைந்ததும் அடுத்த தட்டு. விடுமுறை நாளிலும் வந்துவிடுவார். உறையவைக்கலாமே என்று யாராவது சொன்னால், "அது பொட்டி. கரண்டு போனா நின்னுடும். நான் நிக்க மாட்டேன்" என்பார். ஊரார் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பாடம் நடத்துகிறவருக்கு யார் பாடம் நடத்துவது?

எலிச் சோதனைக்கு நாள் வந்தது. பாதி எலிகளுக்குத் தடுப்பூசி, மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். பிறகு எல்லா எலிகளுக்கும் மாப்பிள்ளை. ஊசி போட்டவை பிழைக்க வேண்டும், போடாதவை சாய வேண்டும். எலிகளிடம் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. பிழைத்துக் காட்டினால், நிதி கொடுக்கும் குழு மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கும். இல்லையென்றால் ஆராய்ச்சி அத்தோடு சரி. அவருடைய ஆய்வக அறை கோழித்தீவன ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும். அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை அளவு நாடாவோடு வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். "மேடம், ஒண்ணுகூட சாகல. எல்லாம் தின்னுட்டு ஓடியாடுது!"

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான். ரெண்டு பக்கமும்."

அவர் சிரிக்கவில்லை. நேராகத் தன் அறைக்குப் போய் மாப்பிள்ளையின் தட்டைத் திறந்து, கம்பி நுனியால் தொட்டுத் தூக்கினார். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில், தொட்டால் ஜவ்வு மாதிரி நூல் இழுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் கோட்டு. இப்போது நூலும் இல்லை, பளபளப்பும் இல்லை. காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வந்தது. மாமியார் வீட்டில் வேளைக்கு வேளை விருந்து, சண்டைக்கு வர ஆளில்லை; எதற்கு வீண் பாரம் என்று மாப்பிள்ளை எப்போதோ கோட்டைக் கழற்றி வீசிவிட்டான். கோட்டில்லாத கிருமியை எந்த எலியும் ஊசியில்லாமலே விரட்டிவிடும். ஆகவே அந்தச் சோதனையில் தடுப்பூசி வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை. அது சோதிக்கப்படவே இல்லை. கோட்டைக் கழற்றும் வரை ஊட்டி வளர்த்த கை அவருடையது.

அதற்குள் ஆய்வக இயக்குநருக்குச் செய்தியின் முன்பாதி போய்ச் சேர்ந்து, கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது.

"சார், ஊசி போடாத எலியும் உயிரோடதான் இருக்கு."

"நல்லதுதானே? ஜீவகாருண்யம்."

"அப்படின்னா சோதனை செல்லாது சார். கிருமி செத்த பாம்பு. நான்தான் கெடுத்துட்டேன்."

இயக்குநர் கதவைச் சாத்தினார். "நாளைக்கு நிதிக் குழு வருது. ஊசி போட்ட எலிங்க பிழைச்சிருக்கு. அது பொய்யா?"

"பொய்யில்ல."

"அத மட்டும் சொல்லுங்க. மத்தத ஏன் இழுக்குறீங்க?"

"பாதிய எடுத்துக்கிட்டு மீதிய விட்டா என்ன ஆகும்னு வீடு வீடாப் போய்ச் சண்டை போட்டுட்டு வர்றேன் சார். அதையே இங்க செய்யச் சொல்றீங்களே."

"உங்க கொள்கையெல்லாம் சரி. அறை போயிடும், தெரியுமில்ல?"

அவருக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழுவின் முன்னால் இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கொழுகொழுவென்று எலிகள். "இதுல எது ஊசி போட்டது, எது போடாததுன்னு உங்களால சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தார். இயக்குநர் கூரையிலிருந்த மின்விசிறியை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவினர் வெளியே போய்ப் பேசி, கேக்கைச் சாப்பிட்டு, திரும்பி வந்து, இன்னும் ஒரே ஒரு சோதனை என்றார்கள். புதிதாக, மருத்துவமனையிலிருந்து நேராக எடுத்த கிருமி வேண்டும். அதுவும் தவறினால் அறை கோழிக்கு.

அப்படித்தான் அவர் மருத்துவமனைக்குப் போனார். கால் எலும்பு முறிந்து வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, புண்ணில் இந்தக் கிருமி ஏறி, எந்த மருந்தும் கேட்காமல் கிடந்தார் ஒரு லாரி ஓட்டுநர். வார்டு டாக்டர் ஓட்டுநரின் மனைவியிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார். புண்ணிலிருந்து எடுத்த துளியைக் குப்பிக்குள் அடைத்து, குப்பியைப் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டு இவர் வெளியே வந்தபோது, பெஞ்சில் இருந்த அந்த மனைவி எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, இத வச்சு எங்க வீட்டுக்காரருக்கு மருந்து செய்வீங்களா?"

இயக்குநராக இருந்தால் இதற்கு அழகான பதில் ஒன்று கைவசம் இருந்திருக்கும்.

"இல்லம்மா. அவருக்கு இது உதவாது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். அதுவும் சரியா வந்தாத்தான்."

அவள் தலையாட்டினாள். குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

"கொஞ்சமாத்தான் எடுத்தீங்களா?"

"கொஞ்சந்தாம்மா."

"மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்களேன்."

கைப்பைக்குள் போன் அடித்தது. கீழே வண்டிக்காரர் காத்திருந்தார். இவர் பைக்குள் கையை விட்டுப் போனை அணைத்தார். பெட்டியைத் தன் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.